ஐரீனுக்கு எழுதிய வார்த்தை

இராயபுரம்
2 டிசம்பர் 2024

அன்புள்ள ரேச்சல் அவர்களுக்கு,

நான்காம் வகுப்பு ஆசிரியை ஞானம் எழுதுகிறேன். முகவரியை ஐரீனின் அப்பாவிடம் வாங்கினேன். நீங்கள் தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருப்பதாகவும், போனை அணைத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். "லெட்டர் போட்டா படிப்பாளானு தெரியல மிஸ். போட்டுப் பாருங்க" என்றார்.

என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தொடங்குகிறேன். அடக்கத்தன்று காசிமேடு கல்லறைக்கு நானும் வந்திருந்தேன். மழையில் பிள்ளைகளோடு வாசல் பக்கமே நின்றுவிட்டேன். உங்கள் அருகில் வரக் கால் எழவில்லை. வந்திருக்க வேண்டும்.

விபத்து நடந்த அன்று மாலை பள்ளி விட்டபோது கேட்டில் நின்றது நான்தான். ஐரீனின் அத்தை ரெஜி குடையோடு வந்தார். பிள்ளையை அவர் கையில் ஒப்படைத்தேன். ஐரீன் திரும்பிப் பார்த்து, "மிஸ், நாளைக்கு லீவா?" என்று கேட்டாள். மழைக்கு லீவு விடுவார்களா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது. "போ போ, டிவியில சொல்லுவாங்க" என்றேன். கால் மணி நேரத்தில் எண்ணூர் விரைவு சாலையில் லாரி மோதிவிட்டது என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

பள்ளியில் அவளுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம். பிள்ளைகள் பாடினார்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஞானம்


தூத்துக்குடி
14 டிசம்பர் 2024

ஞானம் மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கல்லறை வாசலில் நின்றதை நான் பார்த்தேன். உள்ளே வராததும் நல்லதுதான். வந்திருந்தால் எல்லார் முன்னாலும் உங்களைக் கேட்டிருப்பேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரெஜி அண்ணி என்ன செய்தார் தெரியுமா? அலமாரியில் இருந்த காலாண்டு ரேங்க் கார்டை எடுத்து வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். குணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதை. "நான் கைய கெட்டியாத்தான் புடிச்சிகினு இருந்தேன். ஒதறிட்டு ஓடிச்சு. அவ்ளோ புடிவாதம். நான் சொல்லல, மிஸ்ஸே எழுதிக்கீறாங்க பாரு" என்றார்.

பிடிவாதக்காரி. நீல மையில் உங்கள் கையெழுத்து.

வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு கிழவர், "சொல் பேச்சு கேக்காத புள்ளைங்கள கர்த்தர்தான் காக்கணும்" என்றார். ஐரீன் அப்பா நெல்சன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் அவள் தப்பால்தான் செத்தாள் என்று அவர் அக்கா சொல்கிறார், அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளே நான் ரயில் ஏறிவிட்டேன்.

உங்கள் பாடம் எனக்குத் தெரியும் மிஸ். கதையில் வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டுமானால் அவன் என்ன சொன்னான், என்ன செய்தான், மற்றவர்கள் அவனைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று மூன்றும் பார்க்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் வார்த்தை எழுதக் கூடாது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அவள் வீட்டில் எங்கள்மேல் விளையாடிப் பார்ப்பாள். "அம்மா கோவக்காரி. ஆதாரம், தட்ட வெக்கும்போது டங்குனு சத்தம் வந்துச்சு." "அப்பா பயந்தாங்கொள்ளி. ஆதாரம், அத்தை வந்தா ஃபேன் சுவிட்சகூட அவங்கள கேட்டுத்தான் போடுறாரு." நானும் நெல்சனும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

இப்போது நான் கேட்கிறேன். என் மகளுக்கு நீங்கள் எழுதிய வார்த்தைக்கு என்ன ஆதாரம்?

ரேச்சல்


இராயபுரம்
23 டிசம்பர் 2024

அன்புள்ள ரேச்சல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாட்கள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

செப்டம்பரில் ஒரு சின்னக் கதை நடத்தினேன். மரம் வெட்ட ஆட்கள் வருகிறார்கள். எல்லாப் பறவைகளும் பறந்துவிடுகின்றன. ஒரு காகம் மட்டும் தன் கூடு இருக்கும் கிளையை விட்டுப் போக மறுக்கிறது. மரத்தோடு விழுகிறது. அவ்வளவுதான் கதை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் எந்தக் கதையானாலும் இரண்டே வார்த்தைதான், நல்லவன், கெட்டவன். அதைத் தாண்டி வரவைக்க ஒரு அட்டையில் பொறாமை, பொறுமை, துணிச்சல், பேராசை, இரக்கம் என்று எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். காகத்துக்கு என்ன வார்த்தை என்று கேட்டேன். "முட்டாள்" என்று வகுப்பே கத்தியது. எழுதச் சொன்னேன்.

ஐரீன் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்தக் கூட்டுல முட்டை இருந்துச்சா இல்லையான்னு கதையில சொல்லவே இல்லையே மிஸ். அது தெரியாம எப்படி முட்டாள்னு எழுதுறது?" என்றாள்.

அன்று மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. எல்லா நோட்டும் முடிந்திருக்க வேண்டும். கதையில் இருப்பதை வைத்து மட்டும் எழுது என்றேன். "அதான் மிஸ், கதையில இல்லையே" என்றாள். வெளியே நிறுத்தினேன். பிரிவேளை முடியும்வரை நின்றாள். உள்ளே வந்தும் எழுதவில்லை. பத்து நாள் கழித்து, நாற்பது கார்டுகளை ஒரே மூச்சில் நிரப்பும்போது அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன்.

ஆதாரம் அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்வி சரியானது. நான் நடத்திய பாடத்தை வகுப்பில் ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்தி. ஆனால் ரேச்சல், அந்த வார்த்தை அடக்கம் முடிந்த வீட்டில் எல்லார் முன்னாலும் படிக்கப்படும் என்று யார் நினைப்பார்கள்? இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

தலைமையாசிரியையிடம் பேசினேன். புது கார்டு எழுதி, முத்திரை போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன். அனுமதி கொடுங்கள்.

ஞானம்


தூத்துக்குடி
4 ஜனவரி 2025

ஞானம் மிஸ்ஸுக்கு,

புது கார்டு வேண்டாம். அதை வைத்து நான் என்ன செய்வேன்? கல்லறையில் ஒட்டுவேனா?

காகம் கதையை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. வெளியே நிறுத்தியதையும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள் என்று உட்கார்ந்து உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. எல்லா நாளும் போல ஒரு நாளாக அது போயிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நெல்சன் வந்தார். ஹார்பரில் லீவு கொடுக்கவில்லையாம், சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் அக்கா கறி சமைத்தாள், யாரும் சாப்பிடவில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். உங்க அக்கா உண்மையிலேயே கையைப் பிடித்திருந்தாரா என்று. "அக்கா மேல பழி போடாத ரேச்சலு. அதுவும் அழுதுகினுதான் கீது" என்றார். பழி யாராவது ஒருத்தர்மேல் விழத்தானே வேண்டும், செத்தவள்மேல் மட்டும் விழலாமா என்று கேட்டேன். அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும் மிஸ். அவள் ஏன் ஓடினாள்? அந்த ரோட்டுக்கு அவள் பயப்படுவாள். டிரெய்லர் லாரி போனால் காதைப் பொத்திக்கொண்டு என் புடவைக்குள் நுழைவாள். சும்மா ஓடுகிற பிள்ளை இல்லை. பள்ளி விட்ட நேரம், பிள்ளைகள் யாராவது பார்த்திருப்பார்கள். என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று எழுதினீர்களே. கேட்டுச் சொல்லுங்கள்.

ரேச்சல்


இராயபுரம்
27 ஜனவரி 2025

அன்புள்ள ரேச்சல் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதை நான் செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நீ என்ன பார்த்தாய் என்று எப்படி விசாரிப்பேன்? இன்னும் பல பிள்ளைகள் ரோடு பக்க ஜன்னலைத் திறக்க விடுவதில்லை.

நான் கேட்காமலே வந்தது. அதை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

நவம்பருக்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் தொடவே இல்லை. சுவரிலிருந்த அட்டையையும் கழற்றிவிட்டேன். பொங்கல் விடுமுறை முடிந்து, பாடம் பாக்கி இருப்பதாகத் தலைமையாசிரியை சொன்னதால் மறுபடி மாட்டினேன். படகுக்காரன் கதை ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். முன் பெஞ்சில் தமன்னா எழுந்து, "மிஸ், ஐரீனுக்கு இன்னா வார்த்தை?" என்று கேட்டாள்.

அவளை உட்காரச் சொன்னேன். அதற்குள் பிள்ளைகளே ஆரம்பித்துவிட்டார்கள். "துணிச்சல் மிஸ். எலி வந்தப்போ அவதான் தொடப்பத்தால தள்ளினா." "இரக்கம். எனக்கு ரப்பர் பாதி அறுத்துக் குடுத்தா." "வாயாடி மிஸ்!" எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த வகுப்பில் கேட்ட முதல் சிரிப்பு. அப்போது தமன்னா, "எங்கம்மா புடிவாதம்னு சொன்னாங்க. அதான் செத்துப் போச்சாம்" என்றாள்.

கடைசி பெஞ்சில் ஒரு குழந்தை, பெஞ்சிலேயே சிறுநீர் போய்விட்டாள். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவளைக் கழுவி, என் துப்பட்டாவைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். "நான்தான் மிஸ் கூப்ட்டேன்" என்றாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரத்துக் கருங்கல் தடுப்பில் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டிருந்ததாம். "ஐரீனு, கல்லுக்குள்ள பூனகுட்டி கீது, சீக்கிரம் வா" என்று கத்தியிருக்கிறாள். ஐரீன் வந்தாள். இரண்டு பக்கமும் டிரெய்லர் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் வந்த லாரியை அவளும் பார்த்திருக்க முடியாது, அவளை டிரைவரும் பார்த்திருக்க முடியாது.

உங்கள் மகள் சும்மா ஓடவில்லை. ஒரு தோழி கூப்பிட்டதால் போனாள். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஞானம்


தூத்துக்குடி
6 பிப்ரவரி 2025

மிஸ்,

பெயரைச் சொல்ல மாட்டீர்களா?

என் பிள்ளைக்கு மட்டும் மையால் எழுதுவீர்கள், முத்திரை போட்டுக் கொடுப்பீர்கள், தெருவே படிக்கும். இன்னொரு பிள்ளையென்றால் துப்பட்டாவில் சுற்றி ஒளித்து வைப்பீர்கள். இது என்ன நியாயம்? அவள் உங்கள் மாணவி என்றால் ஐரீன் யார்?

நீங்கள் சொல்ல வேண்டாம். ரோட்டுக்குக் கடல் பக்கம் பள்ளி விட்டதும் போகிற பிள்ளை ஒன்றுதான். பக்ருதீன் பாய் பஞ்சர் கடை அங்கேதான் இருக்கிறது. அவர் மகள் உஸ்மா. என் வீட்டில் என் கையால் சோறு தின்ற பிள்ளை. போன ரம்ஜானுக்கு அவள் அம்மா மலிகா கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்கு இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. அடக்கத்துக்கு மலிகா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போது அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் அழுதாளா?

நெல்சனுக்குப் போன் போடப் போகிறேன். ரெஜி அண்ணிக்கும் போடப் போகிறேன். என் பிள்ளை கையை உதறிவிட்டு ஓடிய கதையை ஊரெல்லாம் சொன்னார்கள் அல்லவா, இதையும் சொல்லட்டும். பஞ்சர் கடை வாசலில் போய் நின்று சொல்லட்டும்.

ரேச்சல்


இராயபுரம்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள ரேச்சல்,

இதை அவசரமாக எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நீங்கள் எழுதிய பெயருக்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் என் வகுப்பில் ஒரு குழந்தை அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. மதியச் சோற்றைத் திறந்து மூடி வைத்துவிடுகிறாள். இந்த வாரம் பள்ளிக்கே வரவில்லை. அவள் அம்மா வந்து, "இன்னா ஆச்சு மிஸ் என் புள்ளைக்கு? ஸ்கூல்ல யாராச்சும் அடிச்சீங்களா?" என்று அழுதார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. தாயிடம் மறைக்கிறேனே என்ற பயம் எனக்கு இருக்கிறது. சொன்னால் அந்தச் சின்ன வீட்டுக்குள் அது யார் யார் வாயில் எப்படி மாறும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

நேற்று ரெஜி பள்ளிக்கு வந்திருந்தார். "ஐரீன யாரோ கூப்ட்டாங்கன்னு புள்ளைங்க பேசிக்கிதாமே, யார் அது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். ஆசிரியையாகி பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளையின் வீட்டாரிடம் நேருக்கு நேர் நான் சொன்ன முதல் பொய் அது.

நீங்கள் சொல்லிவிட்டால், ஐரீன் மேலிருந்து ஒரு வார்த்தை இறங்கும். அது இறங்க வேண்டிய வார்த்தைதான், நான் ஏற்றி வைத்தது. ஆனால் அது தரையில் இறங்காது, ரேச்சல். இன்னொரு குழந்தை தலையில்தான் போய் உட்காரும். அவள் உயிரோடு அதைச் சுமக்க வேண்டும்.

உங்களைத் தடுக்க எனக்கு எந்த உரிமையும் கிடையாது. கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

ஞானம்


தூத்துக்குடி
9 மார்ச் 2025

ஞானம் மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

நெல்சனுக்கும் அண்ணிக்கும் நான் போன் போடவில்லை. மலிகாவுக்குப் போட்டேன். திட்டத்தான் போட்டேன் மிஸ். பொய் சொல்ல மாட்டேன். என்னென்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று மொட்டை மாடியில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போட்டேன்.

என் குரலைக் கேட்டதும் மலிகா அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, நீயாச்சும் பேசினியே. எங்க உஸ்மா இன்னா ஆச்சுன்னே தெரியலக்கா. பேச மாட்டேங்குது. தர்காவுக்கு இட்டுகினு போய் ஓதிட்டு வந்தோம். ஆஸ்பத்திரியிலும் காட்டியாச்சு. ஐரீன நெனச்சி ஏங்கிப் போயிருக்குன்றாங்க" என்றாள். அவளுக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது.

போனை உஸ்மாவிடம் கொடு, நீ கொஞ்சம் வெளியே போ என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் லாரி ஹாரன். அந்தச் சத்தத்தை நான் நவம்பருக்குப் பிறகு கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "உஸ்மா, ஐரீன் அம்மா பேசுறேன். நீ கூப்ட்டது எனக்குத் தெரியும்மா" என்றேன். அவள் மூச்சு நின்றதுபோல் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பயத்தில் என் வாயில் எது வந்தது தெரியுமா? "அவ புடிவாதக்காரிம்மா. நீ கூப்புடலனாலும் வந்திருப்பா. யார் சொன்னாலும் கேக்க மாட்டா. உன்மேல ஒண்ணும் இல்ல" என்றேன். நான் சொன்னேன் மிஸ், என் வாயால்.

அதற்கு அந்தப் பிள்ளை, "இல்ல ஆன்ட்டி" என்றது. ஒரு மாதமாகப் பேசாத பிள்ளை.

"இல்ல ஆன்ட்டி. அவ ஃபர்ஸ்ட் வரமாட்டேன்னுதான் தலைய ஆட்டுனா. அத்தை போன் பேசிகினு இருந்தாங்க. அத்தை வரட்டும்னு கை காட்டுனா. நான்தான் திரும்பத் திரும்ப கூப்ட்டேன். இனிமே உன்கூட பேசமாட்டேன் போன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் வந்தா."

கையை யாரும் பிடித்திருக்கவில்லை. உதற ஒன்றும் இருக்கவில்லை. என் பிள்ளை ரோட்டோரம் நின்று, அத்தை வரட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

உஸ்மா அழுதுகொண்டே இருந்தாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டேன். இல்லை என்றாள். போய்ச் சாப்பிடு என்றேன். இதை எங்கிட்ட சொல்லிட்டல்ல, போதும், வேற யார்கிட்டயும் நீ சொல்ல வேண்டாம், உங்கம்மாகிட்ட எப்பனா சொல்லணும்னு தோணுச்சுன்னா அப்ப சொல்லு, நானும் கூட இருக்கேன் என்றேன். சரி என்றாள். எங்கள் அக்கா மேலே வந்து, யார் போனில் என்று கேட்டாள். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். நினைத்தால் ஒரே போனில் அண்ணி வாயை அடைக்கலாம். ஒவ்வொரு நாளும் போனைக் கையில் எடுக்கிறேன். அண்ணி போன் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னால், அதைப் பார்த்தது யார் என்று கேட்பார். அப்புறம் பஞ்சர் கடை. வைத்துவிடுகிறேன். அண்ணிக்கும் அந்த வார்த்தை தேவைப்படுகிறது மிஸ். அது இல்லாவிட்டால் அவரால் அந்த ரோட்டைக் கடந்து மீன் வாங்கப் போக முடியாது.

அதனால் அந்தக் கார்டு அப்படியே இருக்கட்டும். திருத்த வேண்டாம். அண்ணி மறுபடி பள்ளிக்கு வந்து கேட்டால், ஆமாம், ஐரீன் பிடிவாதக்காரிதான், யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் ஓடினாள் என்று சொல்லுங்கள். ஆதாரம் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அம்மாவே சொன்னாள் என்று.

எனக்கு இனி எழுத வேண்டாம். நான் இங்கேயே ஒரு உப்பு பாக்கெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நெல்சன் வந்தால் வரட்டும். அந்த ரோட்டுக்கு நான் வரப் போவதில்லை.

உஸ்மா அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கு வருவாள் என்று மலிகா சொன்னாள். ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதீர்கள். நடுவில், நாலு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வையுங்கள்.

ரேச்சல்